வாறுகாலுக்கு அங்கிட்டு

சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு எந்த வீட்டு வாசலிலும் "வாங்க" கிடையாது, "என்ன சார், எவன் மனுப் போட்டான்?" என்பதுதான் வரவேற்பு. நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் அந்த வரவேற்பைக் கேட்டே காலத்தை ஓட்டியவன் நான். வேறு யாரோ செய்த அசிங்கத்துக்குத் தினமும் காலையில் போய் நின்று பதில் சொல்கிற உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால், கண்டக்டரோ வாத்தியாரோ ஆஸ்பத்திரி ஆயாவோ, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊர்ப் பேர் வேண்டாம். தேனிக்கும் கூடலூருக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் நடுவில், நாங்கள் இன்னும் மதுரை ஜில்லாவில் இருந்த காலம். அதில் ஒரு வருஷத்துக் கதை மட்டும் சொல்கிறேன். அந்த வருஷம்தான் எங்கள் துப்புரவுத் தொழிலாளி பேச்சியம்மாள் செத்துப்போனாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டுக் கடைசியில் என்னைத் திட்டக்கூடாது பாருங்கள்.

உருண்டு வந்த தொட்டி

மேலத்தெரு எங்கள் ஊரில் வசதியான தெரு. நாற்பது வீடு. ஏலக்காய் யாவாரி, ஜவுளிக்கடைக்காரர், ஹெட்மாஸ்டர் என்று எல்லாம் நாலு எழுத்துப் படித்தவர்கள். தெருவுக்குக் குப்பைத் தொட்டி வேண்டும் என்று நாற்பது வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தாக. கமிஷனர் ஒப்புக்கொண்டு சிமெண்ட் உறை ஒன்று அனுப்பினார். கிணற்றுக்குள் இறக்குவார்களே, அதே உறைதான். அதைத் தெரு முனையில் முதல் வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அது இரண்டாவது வீட்டு வாசலில் நின்றது. அந்த வாரக் கடைசியில் ஐந்தாவது வீடு. வட்டமாக இருக்கிறதல்லவா, உருளும். ஆனால் லேசில் உருளாது, நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும். மேலத்தெருவில் ஒற்றுமை இல்லை என்று எவன் சொன்னான்?

நான் திரும்ப உருட்டி வைப்பேன், அவுக மறுபடி தள்ளிவிடுவாக. இப்படியே ரெண்டு மாசம் போனது. ஒருநாள் தெரு முழுக்கத் தேடினேன், தொட்டியைக் காணவில்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு பேச்சி ஆபீசுக்கு வந்தாள். நல்ல உயரம், பெரிய சத்தம், எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவாள். மேலத்தெருவும் அதை அடுத்த சந்துகளும் அவள் பொறுப்பு. அவள் குடியிருந்தது ஊர்க் கடைசியில், நகராட்சி துப்புரவுத் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில். என்னைவிட மூன்று வயசு மூத்தவள். ஆனாலும் நான் அவளை "நீ" என்பேன், அவள் என்னை "சார்" என்பாள். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. வாசற்படியில் நின்றபடி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், நீங்க தேடுற தொட்டி எங்க தெருவுக்கு வந்துருச்சு. அவுக எங்ககிட்ட உருட்டிட்டாக. நாங்க யாருகிட்ட உருட்ட?"

குப்பையே இல்லாத வீடு

தொட்டி போனபிறகு மேலத்தெரு வாறுகால் அடைத்துக்கொண்டது. வாறுகால் என்றால் எங்கள் பக்கத்தில் தெருவோரச் சாக்கடை. வீட்டுக்கும் ஊருக்கும் அதுதான் எல்லை. வாசலைக் கூட்டி, தெளித்து, கோலம் போட்டால் கோலம் வாறுகாலோடு நிற்கும். கூட்டின குப்பை நிற்காது. ஒன்று வாறுகாலுக்குள் விழும், இல்லையென்றால் அதைத் தாண்டி அங்கிட்டு விழும். வாறுகாலுக்கு இங்கிட்டு இருப்பது நம்ம வீடு. அங்கிட்டு இருப்பது முனிசிபாலிட்டி. அவ்வளவு சுத்தமான ஜனங்களை நீங்கள் பார்க்கவே முடியாது. வாசலில் ஒரு முடி கிடக்காது. வாறுகாலில் செத்த எலி மிதக்கும்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "குப்பைய எங்க போடுறீக?" முதல் வீட்டில் கிழக்கே கையைக் காட்டி "அங்கிட்டு" என்றார்கள். கிழக்கே இருந்த வீட்டில் எதிர்ப்புறம் கையைக் காட்டினார்கள். எதிர்வீட்டில் மேற்கே காட்டினார்கள். இப்படியே எல்லாரும் காட்டிய வழியில் நடந்து மதியம் ஒரு மணிக்கு நான் புறப்பட்ட வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வீட்டு ஏலக்காய் யாவாரியிடம், "அண்ணாச்சி, அங்கிட்டுன்னா எங்கிட்டு? ஒரு இடத்தச் சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. மோர் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "எங்க வீட்டுல குப்பையே கெடையாது சார். சேரச்சேர அங்கிட்டுப் போட்டுருவோம்."

பூட்ஸ்

ஆடி பிறந்து பத்து நாள். குமுளிப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கு ஆடிக் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கதவைத் திறந்து வைத்தால் தானாக அறைந்து சாத்தும். கூட்டிக் குவித்த குப்பை கூடைக்கு வருவதற்குள் பறந்து மறுபடி அவரவர் வீட்டுக்குள்ளேயே போய்விடும். வருஷத்தில் அந்த ஒரு மாசம்தான் போட்டவன் வீட்டுக்குக் குப்பை திரும்பிப் போகும். மனசுக்குள்ளே எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு, ஏன் மறைக்கணும்.

அந்தக் காற்றோடு மதுரையிலிருந்து ஒரு சாக்குப்பொதி வந்தது. உள்ளே பன்னிரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், முழங்கால் உயரம், வாறுகாலில் இறங்குகிறவர்களுக்காக. ஆறு வருஷமாக எழுதி எழுதிக் கேட்டு வந்தது. இறக்கிய அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று கமிஷனரிடம் போனேன். "அவசரப்படாதய்யா. ஆகஸ்ட் பதினஞ்சு கொடியேத்துறப்ப மேடையில வச்சுக் குடுப்போம், போட்டோவும் எடுத்துக்கலாம்" என்றார். சரிங்க சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்து ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில். பொதியை இறக்கும்போது பேச்சி பார்த்திருக்கிறாள். ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். விஷயத்தைச் சொல்லி, பதினைந்தாம் தேதிவரை பொறுத்துக்கொள் என்றேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அவளுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாகிவிட்டது போல, அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்: "இம்புட்டு வருசமும் வெறுங்காலுதானே சார். இன்னும் இருவது நாளு தாங்காதா? கவலப்படாதீக."

படிக்கல்லுக்கு அடியில்

மூன்றாம் நாள் தந்தி மாதிரி ஒரு சேதி. மறுநாள் மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், மேலத்தெரு வழியாகத்தான் போவார். வாறுகால் பளிச்சென்று இருக்கவேண்டும். நானே கூட நின்று பேச்சியை வேலை வாங்கினேன். மேலத்தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் வாறுகால்மேல் ஒரு படிக்கல் கிடக்கும், ஏறிப் போவதற்கு. அந்தக் கல்லுக்கு அடியில் மம்பட்டி போகாது. ஆள் இறங்கி, காலை உள்ளே விட்டு அடைப்பைத் தள்ளவேண்டும். பதினேழு பதினெட்டு வீடு முடிந்திருக்கும். ஒரு கல்லுக்கு அடியில் காலை விட்டவள் "ஆத்தா" என்று ஒரு சத்தம் போட்டாள். மேலே ஏறி உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினாள். உள்ளங்காலின் நடுவில் ஆழமாக ஒரு கண்ணாடிச் சில்லு. அவளே பிடுங்கித் தூரப் போட்டாள்.

யாரோ ஒரு வீட்டம்மா காப்பித்தூள் கொண்டுவந்து, எட்ட நின்று அவள் கையில் கொட்டினாக. காயத்தில் வைத்து அழுத்திச் சேலைத் துணியைக் கிழித்துக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வா என்று சொன்னேன். சொன்ன வாயோடு கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். அவளும் பார்த்தாள், நான் கடிகாரத்தைப் பார்த்ததை. "பாதித் தெரு கெடக்கே சார்" என்றாள். "சரி, முடிச்சிட்டு நாளைக்குப் போ" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மறுநாள் அதிகாரி வந்தார், போனார், ஜீப்பை விட்டு இறங்கக்கூட இல்லை. அதற்கு மறுநாள் நினைவு வந்து ஊசி போட்டாயா என்று பேச்சியிடம் கேட்டேன். கட்டுப்போட்ட காலோடு கூடை தூக்கிப் போய்க்கொண்டிருந்தவள் நிற்காமலே சொன்னாள்: "இத்துனூண்டு கீறலுக்கு ஊசியா? ஊசி போட்டா கை வீங்கிரும் சார், அப்பறம் கூடைய யாரு தூக்குவா?"

செருப்புச் சத்தம்

எட்டாம் நாள் பேச்சி வேலைக்கு வரவில்லை. அவள் புருஷன் கருப்பையா எங்களிடமே குப்பை மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஆபீசுக்கு ஓடிவந்தான். "வாய் கிட்டிக்கிருச்சு சார். கஞ்சி எறங்கல. பல்ல நெம்புனாலும் தொறக்க மாட்டேங்குது" என்றான். சுகாதாரப் பரீட்சையில் நானே எழுதிப் பாஸான பாடம்தான் அது. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர்கள் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். பிந்திவிட்டது என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன். தனி அறை, ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால், சத்தம் கேட்டால், உடம்பு வெட்டி இழுக்குமாம். அவ்வளவு சத்தமாகப் பேசுகிற பொம்பளை, ஒரு சின்னச் சத்தம்கூடத் தாங்காமல் கிடந்தாள். கதவு ஓரத்தில் கருப்பையா குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் வாங்கிப் போன ரொட்டியும் பழமுமாக நான் வராந்தாவில் டக்டக்கென்று நடந்து வந்தேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் உடம்பு கட்டிலைவிட்டு மேலே வளைந்து எழும்பியதைக் கதவிடுக்கில் பார்த்தேன். கருப்பையா எழுந்து வந்து இரண்டு கையையும் கூப்பி என் காலைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "கோவிச்சுக்கிராதீக சார். செருப்பக் கழட்டிட்டு வாங்க. செருப்புச் சத்தம் அவளுக்கு ஆகல."

மூன்று நாள் நாற்றம்

நாலாம் நாள் போய்ச்சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வந்து ஆபீசில் உட்கார்ந்தேன். ஆடிக் காற்றில் புழுதி பறந்து கண்ணெல்லாம் எரிந்தது. அது புழுதியா அழுகையா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். மேஜைமேல் மனு ஒன்று இருந்தது. மேலத்தெருவில் மூன்று நாளாக வாறுகால் அள்ளவில்லை, துர்நாற்றம் தாங்கமுடியவில்லை, சம்பந்தப்பட்ட பணியாளர்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும். நாற்பது கையெழுத்து. கொண்டுவந்தவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்.

சம்பந்தப்பட்ட பணியாளரை இப்போதுதான் புதைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் பதறி எழுந்துவிட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மனுவைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்தார், மடித்தார், மறுபடி மேஜைமேலேயே வைத்தார். "அடப் பாவமே. நல்ல பொம்பளையாச்சே சார், ஒரு நாள் மொகம் சுளிச்சதில்லையே... சரி, அப்ப நாளைக்கு யாரு வருவா?"

மிச்சம் ஒரு ஜோடி

பதினைந்தாம் தேதி கொடி ஏறியது. மேடையில் பூட்ஸ் கொடுத்தார்கள், போட்டோவும் எடுத்தார்கள். பதினோரு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஜோடி மேஜையில் நின்றது. கருப்பையாவைக் கூப்பிட்டுக் கொடுக்கலாமா என்று ஒருத்தர் யோசனை சொன்னார். அவன் வண்டிக்காரன், அவனுக்கு ரூலில் இல்லை என்று இன்னொருத்தர் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். பேசியிருக்கவேண்டும். கமிஷனர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "அத ஸ்டோர்லயே வச்சுப் பூட்டிருய்யா. புது ஆளு வந்தா ஆகும்."

யாரு காலு

விபத்து அறிக்கை நான்தான் எழுதவேண்டும். அச்சடித்த படிவம். விபத்து நடந்த இடம், விபத்துக்குக் காரணம், காரணமானவர். மேலத்தெருவில் மறுபடி வீடு வீடாக ஏறினேன். கண்ணாடி யார் போட்டது? இந்தத் தடவை யாரும் கையைக்கூடக் காட்டவில்லை. எங்கள் வீட்டில் கண்ணாடியே கிடையாது என்று சொன்னவர் வீட்டில் சுவர் நிறையக் கண்ணாடி போட்ட சாமி படம். காரணமானவர் என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். என் பேரையும் அங்கே எழுதலாம் என்பது எனக்குத் தெரியும். ஸ்டோரில் பூட்டியவன், கடிகாரம் பார்த்தவன், நாளைக்குப் போ என்றவன். எழுதவில்லை. அதற்கெல்லாம் படிவத்தில் இடம் இருந்தது, எனக்குத்தான் தைரியம் இல்லை.

கொடியேற்றி ரெண்டு நாள் கழித்து ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் ஞானம்மாள் ஆபீசுக்கு வந்தாக. மேலத்தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளை நகராட்சி ஆபீசுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவுக, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவுக. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "நான்தான் சார் போட்டேன். எழுதுங்க. ஞானம்மாள்னு என் பேர எழுதுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும் நான் வந்திருக்கிறது" என்று நின்றுகொண்டே அழுதாக. ஆடி பிறந்த அன்றைக்குக் காற்றில் ஜன்னல் அடித்துக் கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. உடைந்த கண்ணாடியை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. சரி, தெருவில் போடலாம் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வெறுங்காலோடு போகும். அதனால் ஒரு சில்லு விடாமல் முறத்தில் பொறுக்கி எடுத்து, வாறுகால் தண்ணிக்குள் போட்டு, குச்சியால் படிக்கல்லுக்கு அடியில் தள்ளிவிட்டிருக்காக. மேலே தெரியாதவரைக்கும் தள்ளியிருக்காக. தரையில் ஏதாவது மினுங்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்களாம்.

படிவம் போய்விட்டது, இனி மாற்றமுடியாது, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே என்று ஏதேதோ சொன்னேன். படிவம் போகவில்லை, என் மேஜைக்குள்தான் கிடந்தது. அவுக பேரை எழுதினால் அடுத்தபடியாக, அவள் ஏன் வெறுங்காலோடு இறங்கினாள் என்ற கேள்வி வரும். அவுக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் நம்பவேண்டுமே என்ற தவிப்போடு என்னைப் பார்த்துச் சொன்னாக: "யாரு காலுலயும் குத்திறக் கூடாதேன்னுதான் சார், பாத்துப் பாத்து வாறுகாலுக்குள்ள போட்டேன்."

முப்பத்தோரு வருஷத்தில் "நான்தான் போட்டேன்" என்று தானாக வந்து ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவுகதான், "அப்ப பேச்சியோடது காலில்லையாம்மா?" என்று திருப்பிக் கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருந்தவன்தான் அந்த ஊர்ச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான அதிகாரி.